ஒரே கணினியில் பல லாகின்: செஷன் மாற்றி வேலை செய்ய ஒரு முழு வழிகாட்டி

கடலூர் மஞ்சக்குப்பத்தின் ஜெராக்ஸ் கடைகள், புதுச்சேரி நேரு வீதியில் மாடிப்படி ஏறிப் போகும் சிறு அலுவலகங்கள், லாஸ்பேட்டையிலும் முதலியார்பேட்டையிலும் உள்ள வீடுகள் என்று எங்கே பார்த்தாலும் ஒரே வழக்கம்தான். கணினி ஒன்று, அதில் உட்காருபவர்கள் மூன்று நான்கு பேர், லாகின் மட்டும் ஒன்றே ஒன்று. அப்பாவின் வங்கி பாஸ்வேர்டு பிரவுசரில் சேமித்திருக்கும். பத்தாவது படிக்கும் மகன் அதே பிரவுசரில் விளையாட்டு டவுன்லோட் செய்வான். கடை என்றால் இன்னும் மோசம். நேற்று வந்த வாடிக்கையாளரின் ஆதார் நகல் டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் அப்படியே கிடக்கும். இன்று அந்த நாற்காலியில் உட்காருபவர் யாராக இருந்தாலும் அதைத் திறந்து பார்க்கலாம்.

ஆளுக்கொரு கணக்கு வைத்துக்கொள்ளச் சொன்னால் பலரும் வைத்துப் பார்ப்பார்கள், கொஞ்ச நாளில் விட்டுவிடுவார்கள். ஒவ்வொரு முறையும் திறந்ததையெல்லாம் மூடி, சைன் அவுட் செய்து, அடுத்தவர் உள்ளே வந்து எல்லாவற்றையும் திறந்து, அப்புறம் அவர் மூடி... இந்த அலுப்புதான் காரணம். ஆனால் மூட வேண்டிய தேவையே இல்லை. ஒருவரின் வேலையை அப்படியே உள்ளே ஓடவிட்டு, இன்னொருவர் தம்முடைய செஷனில், அதாவது லாகின் செய்ததிலிருந்து வெளியேறும் வரை அவருக்கென்று தனியாக ஓடும் பகுதியில், நுழையலாம். விண்டோஸில் இந்த வசதி 2001-இல் எக்ஸ்பியோடு வந்தது. மேக்கில் 2003-இல் பேந்தர் பதிப்போடு வந்தது. இத்தனை வருடம் கையிலேயே இருக்கும் ஒன்றை நம் வீடுகளும் கடைகளும் பயன்படுத்தாமல் இருப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம். அதனால்தான் இதை ஆரம்பத்திலிருந்து எழுதுகிறேன்.

பூட்டுவது, மாறுவது, வெளியேறுவது

இந்த மூன்றுக்கும் உள்ள வேறுபாடு தெளிவாகிவிட்டால் மீதி எல்லாம் சுலபம்.

'லாக்' என்றால் நீங்கள் திறந்து வைத்த அத்தனையும் ஓடிக்கொண்டிருக்கும். திரை மட்டும் மூடியிருக்கும். விண்டோஸ் விசையையும் எல் விசையையும் சேர்த்து அழுத்தினால் இது நடக்கும். அறையைப் பூட்டிவிட்டுக் கடைக்குப் போய் வருவது மாதிரி.

'ஸ்விட்ச் யூசர்' என்றால் உங்கள் செஷன் பின்னால் போய்விடும், இன்னொருவரின் செஷன் முன்னால் வரும். உங்களுடைய எக்செல் ஷீட், பாதியில் நிற்கும் கடிதம், இறங்கிக்கொண்டிருக்கும் ஃபைல் எல்லாம் நினைவகத்தில் அப்படியே இருக்கும். டவுன்லோட் தொடர்ந்து நடக்கும்.

'சைன் அவுட்' என்றால் உங்கள் செஷன் முடிந்தது. எல்லாச் செயலிகளும் மூடப்படும், நினைவகம் காலியாகும். சேமிக்காதது போய்விடும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். இணையதளங்களுக்குள் இருக்கும் லாகின் வேறு விஷயம். வங்கிப் பக்கத்தைத் திறந்து வைத்துவிட்டு நீங்கள் செஷன் மாறினால் கணினி அதை மூடாது. ஆனால் கொஞ்ச நேரம் கை வைக்காமல் இருந்தால் வங்கியே உங்களை வெளியேற்றிவிடும். திரும்பி வந்து பார்க்கும்போது 'செஷன் எக்ஸ்பயர்டு' என்று இருந்தால் கணினி மேல் தப்பில்லை.

முதல் வேலை: கணக்குகளைத் திட்டமிடுவது

உடனே செட்டிங்ஸைத் திறக்காதீர்கள். யார் யார் உட்காருகிறார்கள், யாருக்கு எந்த அளவு அதிகாரம் வேண்டும் என்று ஒரு தாளில் எழுதுங்கள். என் சிபாரிசு இது: நிர்வாகி அதிகாரம் உள்ள கணக்கு ஒன்று மட்டும் இருக்கட்டும், அதை யாரும் தினசரி வேலைக்குப் பயன்படுத்த வேண்டாம். வீட்டுத் தலைவரோ கடை முதலாளியோ கூட அன்றாடம் சாதாரணக் கணக்கில்தான் இருக்க வேண்டும். புதிதாக ஒரு மென்பொருள் போட வேண்டுமென்றால் விண்டோஸே நிர்வாகியின் பாஸ்வேர்டைக் கேட்கும். அதை அந்தப் பெட்டியில் தட்டினால் போதும், செஷன் மாற வேண்டியதில்லை.

கணக்கின் பெயரை முதலில் ஆங்கில எழுத்தில் சுருக்கமாக வையுங்கள். தமிழில் பெயர் வைத்தால் விண்டோஸ் உருவாக்கும் உங்கள் சொந்த ஃபோல்டரின் பெயரும் தமிழிலேயே அமையும். பழைய கணக்கு மென்பொருள்கள், சில பிரிண்டர் மென்பொருள்கள் அந்தப் பெயரைப் படிக்க முடியாமல் திணறும். ஆங்கிலத்தில் உருவாக்கிவிட்டு, பிறகு திரையில் தெரியும் பெயரை மட்டும் தமிழுக்கு மாற்றிக்கொள்ளலாம். ஃபோல்டரின் பெயர் பழையபடியே இருக்கும், எதுவும் உடையாது.

விண்டோஸில் கணக்கு உருவாக்குவது

நிர்வாகி கணக்கில் நுழைந்து இப்படிச் செய்யுங்கள். விண்டோஸ் 11 என்றால் 'செட்டிங்ஸ்', அதில் 'அக்கவுண்ட்ஸ்', அதில் 'அதர் யூசர்ஸ்'. விண்டோஸ் 10 என்றால் அதே இடத்தில் 'ஃபேமிலி அண்ட் அதர் யூசர்ஸ்' என்று இருக்கும். 'ஆட் அக்கவுண்ட்' பொத்தானை அழுத்தினால் மின்னஞ்சல் முகவரி கேட்கும். இந்தக் கணினிக்குள் மட்டும் இருக்கும் சாதாரணக் கணக்கு போதும் என்றால் முகவரி எதுவும் தர வேண்டாம். அந்த நபரின் சைன்-இன் விவரம் தன்னிடம் இல்லை என்று சொல்லும் இணைப்பு கீழே இருக்கும், அதைச் சொடுக்குங்கள். அடுத்த பக்கத்தில் மைக்ரோசாஃப்ட் கணக்கு இல்லாமல் பயனரைச் சேர்க்கும் இணைப்பு வரும். அதில் பெயர், பாஸ்வேர்டு, மறந்தால் கேட்க மூன்று கேள்விகள். முடிந்தது.

உருவாக்கியதும் அந்தக் கணக்கின் வகை 'ஸ்டாண்டர்டு யூசர்' என்று இருக்கிறதா எனப் பார்த்துக்கொள்ளுங்கள். பாஸ்வேர்டு இல்லாமல் கணக்கு வைக்க விண்டோஸ் அனுமதிக்கும். தயவுசெய்து அப்படி வைக்காதீர்கள். பாஸ்வேர்டு இல்லாத கணக்கு, தனிக் கணக்கே இல்லை.

கடைக்கு வருபவர் கொஞ்ச நேரம் உட்கார ஒரு கணக்கு வேண்டும் என்றால், பழைய பதிப்புகளில் இருந்த 'கெஸ்ட்' கணக்கை விண்டோஸ் 10-இலிருந்து பயன்படுத்த முடியாது. 'கெஸ்ட்' என்ற பெயரை நீங்கள் வைக்கவும் விடாது. 'விசிட்டர்' மாதிரி வேறு பெயரில் ஒரு சாதாரணக் கணக்கை உருவாக்கிக்கொள்ளுங்கள்.

விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. பலர் பகிர்ந்து பயன்படுத்தும் கணினி பழைய பதிப்பிலேயே நிற்பது தனி ஆள் கணினியைவிட ஆபத்து அதிகம். மாற முடிந்தவர்கள் 11-க்கு மாறுங்கள், அல்லது விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இயங்குதளமான லினக்ஸைப் பாருங்கள், அதைப் பின்னால் சொல்கிறேன்.

மாறுவது எப்படி

வழிகள் பல இருக்கின்றன. கை எதற்குப் பழகுகிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்டார்ட் மெனுவில் உங்கள் பெயரோ படமோ இருக்கும். அதைச் சொடுக்கினால் மற்ற பயனர்களின் பெயர்கள் தெரியும். விண்டோஸ் 11-இன் புதிய பதிப்புகளில் அங்கே மூன்று புள்ளிகள் இருக்கும், அவற்றுக்குள் பெயர்கள். வேண்டிய பெயரைச் சொடுக்கினால் பாஸ்வேர்டு கேட்கும்.

கண்ட்ரோல், ஆல்ட், டெலீட் மூன்றையும் அழுத்தினால் வரும் திரையில் 'ஸ்விட்ச் யூசர்' இருக்கும். எல்லா ஜன்னல்களையும் சுருக்கிவிட்டு டெஸ்க்டாப்பில் ஆல்ட், எஃப் 4 அழுத்தினாலும் வரும் பெட்டியில் அதே தேர்வு இருக்கும்.

எனக்குப் பிடித்தது எல்லாவற்றிலும் எளிய வழிதான்: விண்டோஸும் எல்லும். திரை பூட்டும், கீழே இடது மூலையில் எல்லோருடைய பெயரும் தெரியும், அடுத்தவர் தம் பெயரைச் சொடுக்கி உள்ளே போவார். இந்த ஒரே பழக்கத்தில் பூட்டுவதும் மாறுவதும் சேர்ந்து நடக்கின்றன. கடையில் வேலை செய்பவர்களுக்கு இதை மட்டும் சொல்லிக்கொடுங்கள். எழுந்தால் விண்டோஸ்-எல், உட்கார்ந்தால் உங்கள் பெயர். இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

மாறுவதற்கு முன் நான்கு காரியம். திறந்திருப்பதைச் சேமியுங்கள். பாட்டோ வீடியோவோ ஓடினால் நிறுத்துங்கள். சில செயலிகளின் ஒலி செஷன் மாறிய பிறகும் கேட்டுக்கொண்டே இருக்கும், அடுத்தவருக்கு எங்கிருந்து சத்தம் வருகிறது என்றே தெரியாது. டாலி போன்ற கணக்கு மென்பொருளில் கம்பெனியை மூடிவிட்டு மாறுங்கள். ஒரே டேட்டாவை இரண்டு செஷன்களில் திறக்கப் போய்ச் சிக்கல் வரவழைத்துக்கொள்ள வேண்டாம். டிஜிட்டல் கையெழுத்துக்கான யூஎஸ்பி டோக்கன் செருகியிருந்தால் அதையும் பிடுங்கி உங்கள் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

தமிழ் விசைப்பலகையும் பாஸ்வேர்டும்

நம் ஊரில் அதிகம் பேர் மாட்டிக்கொள்ளும் இடம் இது. ஒவ்வொரு கணக்குக்கும் மொழி அமைப்பு தனி. ஒருவர் தமிழ் 99-இல் தட்டுவார், இன்னொருவர் ஒலிபெயர்ப்பு முறையில் தட்டுவார், மூன்றாமவருக்கு ஆங்கிலம் மட்டும் போதும். புதுச்சேரியில் பிரெஞ்சு பென்ஷன் விஷயமாகக் கடிதம் எழுதுகிற வீடுகளில் அஸெர்ட்டி என்ற பிரெஞ்சு விசைப்பலகை அமைப்பும் இருக்கும். ஆளுக்கொரு கணக்கு இருந்தால் இவர்கள் யாரும் இன்னொருவரின் அமைப்பைக் கலைக்க மாட்டார்கள். தனித்தனி செஷனின் பெரிய லாபங்களில் இது ஒன்று என்பேன்.

ஆனால் பாஸ்வேர்டு தட்டும் திரையில் எந்த மொழி இருக்கிறது என்று பார்க்காவிட்டால் சரியான பாஸ்வேர்டும் தப்பென்று வரும். அஸெர்ட்டி அமைப்பில் ஏ-வும் க்யூ-வும் இடம் மாறியிருக்கும், இசட்டும் டபிள்யூவும் இடம் மாறியிருக்கும், மேல்வரிசை எண்களுக்கு ஷிஃப்ட் அழுத்த வேண்டும். புள்ளிகளாகத் தெரியும் பெட்டியில் இதைக் கண்டுபிடிக்க முடியாது. உள்நுழைவுத் திரையின் கீழ் வலது மூலையில் மொழிக் குறி இருக்கும், அதை முதலில் பாருங்கள். விண்டோஸ் விசையோடு ஸ்பேஸ் அழுத்தினால் மொழி மாறும். பாஸ்வேர்டுப் பெட்டியில் இருக்கும் கண் படத்தை அழுத்திப் பிடித்தால் தட்டியது என்ன என்று தெரியும். பக்கத்தில் ஆள் இல்லாதபோது மட்டும் அதைச் செய்யுங்கள்.

டி டிரைவ் எல்லோருக்கும் திறந்த வீடு

தனிக் கணக்கு வைத்தாயிற்று, இனி எல்லாம் பாதுகாப்பு என்று நினைப்பவர்களுக்கு இந்தப் பகுதியை நிறுத்திப் படிக்கச் சொல்வேன்.

டாக்குமெண்ட்ஸ், டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ், பிக்சர்ஸ் ஆகியவை உங்கள் சொந்த ஃபோல்டருக்குள் இருப்பவை. சாதாரணக் கணக்கில் இருக்கும் இன்னொருவரால் இவற்றைத் திறக்க முடியாது. ஆனால் நம் ஊரில் கணினி வாங்கியதும் சி, டி என்று இரண்டாகப் பிரித்து, முக்கியமானதையெல்லாம் டி-யில் போடுவதுதான் பழக்கம். டி டிரைவில் நீங்களாக உருவாக்கும் ஃபோல்டர்களை, விண்டோஸின் இயல்பான அமைப்புப்படி, அந்தக் கணினியில் லாகின் உள்ள எவரும் திறக்கலாம், மாற்றலாம், அழிக்கவும் செய்யலாம். நான்கு கணக்கு உருவாக்கியும் டி டிரைவைப் பொறுத்தவரை நால்வரும் ஒரே ஆள்தான்.

சரி, என்ன செய்வது? ஒன்று, சொந்த விஷயங்களை டாக்குமெண்ட்ஸுக்குள்ளேயே வையுங்கள். இல்லை, டி-யில்தான் வேண்டும் என்றால் ஆளுக்கொரு ஃபோல்டர் போட்டு, அதற்கு அனுமதியைச் சுருக்குங்கள். ஃபோல்டரின் மேல் வலது கிளிக், 'ப்ராப்பர்ட்டீஸ்', 'செக்யூரிட்டி', 'அட்வான்ஸ்டு'. அங்கே முதலில் 'ஆட்' அழுத்தி உங்கள் பெயரைச் சேர்த்து 'ஃபுல் கண்ட்ரோல்' கொடுங்கள். பிறகு 'டிசேபிள் இன்ஹெரிட்டன்ஸ்' அழுத்தி, வரும் இரண்டு தேர்வுகளில் இருக்கும் அனுமதிகளை அப்படியே வைத்துக்கொள்ளும் முதல் தேர்வை எடுங்கள். அதன்பின் பட்டியலில் 'யூசர்ஸ்', 'அதென்டிகேட்டட் யூசர்ஸ்' என்ற வரிகளை மட்டும் நீக்குங்கள். 'சிஸ்டம்', 'அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ்', உங்கள் பெயர் ஆகியவை இருக்க வேண்டும். வரிசையை மாற்றிச் செய்தால் உங்கள் ஃபோல்டருக்கு நீங்களே வெளியே நிற்க நேரும். முடித்ததும் இன்னொரு செஷனுக்கு மாறி, திறக்க மறுக்கிறதா என்று ஒருமுறை சோதித்துப் பாருங்கள்.

எல்லோரும் பார்க்க வேண்டிய ஃபைல்களுக்கு விண்டோஸே 'பப்ளிக்' என்று ஒரு ஃபோல்டர் வைத்திருக்கிறது. சி டிரைவில் 'யூசர்ஸ்' உள்ளே இருக்கும். அதில் போடும்போது காப்பி செய்து ஒட்டுங்கள். கட் செய்து ஒட்டினால் பழைய அனுமதியும் கூடவே ஒட்டிக்கொண்டு வரலாம், அப்போது அடுத்தவரால் திறக்க முடியாமல் போகும்.

பென் டிரைவைப் பற்றியும் ஒரு வார்த்தை. நீங்கள் செருகிய பென் டிரைவ் பின்னால் ஓடும் எல்லாச் செஷனிலும் தெரியும். எஃப்ஏடி 32, எக்ஸ்-எஃப்ஏடி என்ற வடிவங்களில் ஃபார்மட் செய்த பென் டிரைவுக்கு ஆள்வாரி அனுமதி என்பதே கிடையாது. மாறும்போது கழற்றிவிடுங்கள். இன்னொரு கணினியில் இருந்து நெட்வொர்க் வழியாக இணைக்கும் நெட்வொர்க் டிரைவ் மட்டும் நேர்மாறு: ஒரு கணக்கில் இணைத்தது இன்னொரு கணக்கில் தெரியாது, அங்கே தனியாக இணைக்க வேண்டும். இன்னொரு கணினி வழியாகப் பகிர்ந்த பிரிண்டரும் அப்படித்தான். அதனால்தான் முதலாளியின் லாகினில் பிரிண்ட் வருகிறது, பிள்ளையின் லாகினில் வரவில்லை.

எத்தனை செஷன் தாங்கும்

ஒவ்வொரு செஷனும் தனக்கென்று டெஸ்க்டாப், டாஸ்க்பார், பின்னணிச் செயலிகள் எல்லாவற்றையும் தனியாக ஏற்றிக்கொள்ளும். உண்மையில் நினைவகத்தைத் தின்பது பிரவுசர்தான். ஒருவர் இருபது டேப் திறந்து வைத்துவிட்டு மாறினால் அந்த இருபதும் உள்ளே இருக்கும்.

என் கணிப்பில் 4 ஜிபி ரேம் உள்ள கணினியில் ஒரே நேரத்தில் இரண்டு செஷன் என்பதே தாராளம், அதுவும் லேசான வேலைக்கு. 8 ஜிபியில் மூன்று பேர் நிம்மதியாக இருக்கலாம். 16 ஜிபி இருந்தால் ஒரு குடும்பத்துக்குக் கவலை இல்லை. ரேம் போலவே டிஸ்கும் முக்கியம். நினைவகம் போதாதபோது பின்னால் இருக்கும் செஷனின் பகுதிகளை விண்டோஸ் டிஸ்கில் எழுதி வைத்து, திரும்பி வரும்போது படித்தெடுக்கும். பழைய ஹார்டு டிஸ்கில் இதனால்தான் மாறியதும் திரை நகராமல் நிற்கிறது. ஹார்டு டிஸ்குக்குப் பதிலாக வேகமான எஸ்எஸ்டி போட்டாலே பழைய கணினியில் செஷன் மாற்றம் வேறு மாதிரி ஆகிவிடும். புதுக் கணினி வாங்க நினைப்பதற்கு முன் இந்தச் செலவைச் செய்து பாருங்கள்.

யார் எவ்வளவு பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று பார்க்க நிர்வாகி கணக்கில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து 'யூசர்ஸ்' பக்கத்துக்குப் போங்கள். ஒவ்வொருவரின் பெயருக்கு எதிரிலும் நினைவக அளவு இருக்கும். வலது கிளிக் செய்து 'சைன் ஆஃப்' கொடுத்தால் அவர் செஷன் முடிந்துவிடும், சேமிக்காத வேலையும் சேர்ந்து போய்விடும். அவரைக் கேட்காமல் அதைச் செய்யாதீர்கள். டாஸ்க் மேனேஜரிலேயே 'ஸ்டார்ட்அப் ஆப்ஸ்' என்ற பக்கமும் உண்டு. உள்நுழைந்ததும் தானாகத் திறக்கும் செயலிகளை ஒவ்வொருவரும் தம் கணக்கில் குறைத்துக்கொண்டால் சுமை கணிசமாகக் குறையும்.

கரண்ட் போனால்

கடலூர்க்காரர்களுக்கும் புதுச்சேரிக்காரர்களுக்கும் இதைத் தனியாகச் சொல்லியாக வேண்டும். மூன்று செஷன் திறந்திருக்கும்போது கரண்ட் போனால் இழப்பு மூன்று பேருக்கு. திரையில் இருப்பவராவது அவசரமாகச் சேமித்துவிடுவார். பின்னால் பூட்டியிருக்கும் இருவரின் வேலையை அவர் எப்படிச் சேமிப்பார்? அவர்களின் பாஸ்வேர்டு அவருக்குத் தெரியாது, தெரியவும் கூடாது.

இதற்கு நல்ல விடை 'ஹைபர்னேட்'. இது நினைவகத்தில் இருக்கும் எல்லாவற்றையும், எல்லாச் செஷனையும் சேர்த்து, டிஸ்கில் எழுதிவிட்டுக் கணினியை அணைக்கும். மீண்டும் போட்டால் மூவரின் வேலையும் விட்ட இடத்தில் இருக்கும். 'ஸ்லீப்' அப்படியல்ல, அதற்குக் கொஞ்சமாவது மின்சாரம் வேண்டும், யூபிஎஸ் தீர்ந்தால் எல்லாம் போய்விடும்.

ஹைபர்னேட் பல கணினிகளில் மெனுவில் தெரியாது. கண்ட்ரோல் பேனலில் 'பவர் ஆப்ஷன்ஸ்', இடது பக்கம் பவர் பொத்தான் என்ன செய்ய வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் இணைப்பு, உள்ளே தற்போது மாற்ற முடியாத அமைப்புகளை மாற்றும் இணைப்பு, அதன் கீழே 'ஹைபர்னேட்' என்ற கட்டத்தில் டிக். இனி பவர் மெனுவில் அது தெரியும். பூட்டுத் திரையின் பவர் குறியிலும் தெரியும் என்பதுதான் முக்கியம்: யாருடைய பாஸ்வேர்டும் இல்லாமலேயே யார் வேண்டுமானாலும் எல்லோருடைய வேலையையும் காப்பாற்றலாம். யூபிஎஸ் கத்த ஆரம்பித்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை இது என்று கணினி இருக்கும் சுவரில் எழுதி ஒட்டுங்கள்.

புயல் எச்சரிக்கை உள்ள நாட்களில் ஹைபர்னேட்டையும் நம்பி இருக்க வேண்டாம். 2011 டிசம்பர் 30-இல் 'தானே' புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தபோது கடலூர் மாவட்டத்தில் பல நாள் மின்சாரம் இல்லை. 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது தண்ணீர் வீட்டுக்குள் வந்தது. அப்படிப்பட்ட நாளில் எல்லோரும் சைன் அவுட் செய்து, ஷட் டவுன் செய்து, பிளக்கைப் பிடுங்கி, பெட்டியைத் தரையிலிருந்து மேலே தூக்கி வைத்துவிடுங்கள்.

சாதாரண நாளில் அணைக்கும்போது வேறு யாராவது உள்ளே இருந்தால், இன்னொருவர் இந்தக் கணினியைப் பயன்படுத்துகிறார், அணைத்தால் அவர் வேலை போகலாம் என்று விண்டோஸ் எச்சரிக்கும். படிக்காமல் 'ஷட் டவுன் எனிவே' அழுத்துவதுதான் வீட்டுச் சண்டைகளுக்குக் காரணம். அப்டேட் முடிந்து கணினி தானாக ரீஸ்டார்ட் ஆவதும் எல்லாச் செஷனையும் கொண்டுபோய்விடும். விண்டோஸ் அப்டேட்டின் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' பக்கத்தில் 'ஆக்டிவ் அவர்ஸ்' என்று இருக்கும். அதிகபட்சம் 18 மணி நேரம் வரை கொடுக்கலாம். கடை திறக்கும் நேரத்திலிருந்து வீட்டுப் பிள்ளைகள் படித்து முடிக்கும் நேரம் வரை அதில் போட்டு வையுங்கள்.

லினக்ஸில்

லினக்ஸில் பல வகை உண்டு, உபுண்டுவும் மின்ட்டும் அவற்றில் இரண்டு. உபுண்டுவில் 'செட்டிங்ஸ்', 'சிஸ்டம்', 'யூசர்ஸ்' போய், 'அன்லாக்' அழுத்தி நிர்வாகி பாஸ்வேர்டு கொடுத்துப் புதிய பயனரைச் சேர்க்கலாம். இரண்டாவது பயனர் சேர்ந்த பிறகுதான் மேல் வலது மூலை பவர் மெனுவில் 'ஸ்விட்ச் யூசர்' தோன்றும். முன்பே தேடினால் கிடைக்காது. லினக்ஸ் மின்ட்டில் லாக் அவுட் பெட்டியிலேயே 'ஸ்விட்ச் யூசர்' பொத்தான் இருக்கும்.

லினக்ஸின் தனிச் சிறப்பு மெய்நிகர் கன்சோல்கள், அதாவது ஒரே மானிட்டரில் மாறி மாறிப் பார்க்கக்கூடிய தனித்தனித் திரைகள். கண்ட்ரோல், ஆல்ட் இரண்டையும் பிடித்துக்கொண்டு எஃப் விசை ஒன்றை அழுத்தினால் ஒரு கன்சோலிலிருந்து இன்னொன்றுக்குப் போகலாம். இன்றைய உபுண்டுவில் எஃப் 1 உள்நுழைவுத் திரை, எஃப் 2 முதலில் நுழைந்தவரின் டெஸ்க்டாப், எஃப் 3-இலிருந்து எஃப் 6 வரை வெறும் எழுத்துத் திரை. அடுத்தவர் வரைகலைத் திரையில் நுழைந்தால் காலியாக இருக்கும் அடுத்த எண்ணை எடுத்துக்கொள்வார். மின்ட்டில் முதல் டெஸ்க்டாப் எஃப் 7-இலும் இரண்டாவது எஃப் 8-இலும் இருக்கும். மடிக்கணினியில் எஃப்என் விசையையும் சேர்த்து அழுத்த வேண்டி வரலாம். டெஸ்க்டாப் உறைந்து நின்றால் எஃப் 3-க்குப் போய் உள்ளே நுழைந்து சிக்கிய செயலியை நிறுத்தலாம். அந்த எழுத்துத் திரையில் தமிழ் தெரியாது, கட்டம் கட்டமாக வரும். பயப்பட வேண்டாம், ஃபைல்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஒரு பாதுகாப்பு விஷயம் பலருக்குத் தெரியாது. எஃப் 3-இல் நுழைந்துவிட்டு டெஸ்க்டாப்புக்குத் திரும்பித் திரையைப் பூட்டினால், பூட்டுவது டெஸ்க்டாப்பை மட்டும்தான். எவரும் கண்ட்ரோல், ஆல்ட், எஃப் 3 அழுத்தி உங்கள் பெயரிலேயே உள்ளே நிற்கலாம். எழுத்துத் திரையில் வேலை முடிந்ததும் 'எக்ஸிட்' என்ற கட்டளையைக் கொடுத்து வெளியேறிவிட்டே திரும்புங்கள். இப்போது யார் யார் உள்ளே இருக்கிறார்கள் என்று தெரிய கட்டளை தட்டும் ஜன்னலான டெர்மினலில் டபிள்யூ என்ற ஒற்றைச் சிறிய எழுத்தைத் தட்டி என்டர் அழுத்தினால் பட்டியல் வரும்.

ஒலி, கேமரா போன்றவை திரையில் இருக்கும் செஷனுக்கே கிடைக்கும்படி லினக்ஸ் பார்த்துக்கொள்ளும், ஆகவே மாறியதும் பழைய செஷனின் பாட்டு பெரும்பாலும் நின்றுவிடும். செருகிய பென் டிரைவும் அதைத் திறந்தவருக்கு மட்டுமே தெரியும். இந்த இரண்டிலும் விண்டோஸைவிட லினக்ஸ் மேல் என்பது என் எண்ணம்.

மேக் வைத்திருப்பவர்களுக்குச் சுருக்கமாக: 'சிஸ்டம் செட்டிங்ஸ்' திறந்து 'ஃபாஸ்ட் யூசர் ஸ்விட்சிங்' என்பதைத் தேடி இயக்கினால் மேல்பட்டையில் பெயர் வரும். அதைச் சொடுக்கி மாறலாம்.

செஷன் தேவைப்படாத இடங்கள்

ஒரே ஆள் இரண்டு மின்னஞ்சல் பார்க்க வேண்டும் என்பதற்காகத் தனிக் கணக்கு தேவையில்லை. பிரவுசரிலேயே இரண்டு ப்ரொஃபைல் போதும். திரை நெருக்கடியாக இருக்கிறது என்றால் விண்டோஸ், கண்ட்ரோல், டி அழுத்திப் புதிய டெஸ்க்டாப் ஒன்றைத் திறந்துகொள்ளலாம். அது அதே கணக்கின் இன்னொரு பரப்பு, பாதுகாப்புக்கு உதவாது. ஒரே கணக்கில் விண்டோஸ் உங்களுக்கு இரண்டு செஷன் தராது. மறுபடி நுழைந்தால் பழைய செஷனுக்கே கொண்டுபோகும். அலுவலக வேலையும் சொந்த வேலையும் கலக்கக் கூடாது என்றால் உங்கள் பெயரிலேயே இரண்டு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பைத் தனித்தனியாக வைக்கத் தனிக் கணக்குதான் நல்லது: ஒரு எண்ணை நான்கு கருவிகள் வரை இணைக்கலாம், ஒவ்வொருவரும் தம் செஷனில் தம் எண்ணை இணைத்துக்கொள்ளலாம்.

ஒருவர் முன்னால் உட்கார்ந்திருக்கும்போதே இன்னொருவர் வேறு இடத்திலிருந்து அதே கணினியில் நுழைந்து வேலை செய்யலாமா என்று கடைக்காரர்கள் கேட்பதுண்டு. சாதாரண விண்டோஸில் முடியாது. ப்ரோ பதிப்பில் தொலைவிலிருந்து நுழையலாம், நுழைந்ததும் முன்னால் இருப்பவரின் திரை பூட்டிக்கொள்ளும். இதைத் தாண்டுவதற்குச் சிஸ்டம் ஃபைலை மாற்றும் சிறு நிரல்கள் புழங்குகின்றன. உரிமத்துக்கு முரணானவை அவை. அடுத்த அப்டேட்டில் உடைந்தும் போகும். போடாதீர்கள். உண்மையிலேயே ஒரே நேரத்தில் இருவர் வேண்டுமென்றால், லினக்ஸில் இரண்டு மானிட்டர், இரண்டு விசைப்பலகை, கூடுதலாக ஒரு கிராஃபிக்ஸ் கார்டு வைத்து ஒரே பெட்டியை இரு இருக்கையாகப் பிரிக்க வழி உண்டு.

ஒருவர் போன பிறகு

வேலையை விட்டுப் போனவரின் கணக்கை அப்படியே விட்டு வைக்காதீர்கள். போகும் நாளன்றே, அவர் பக்கத்தில் இருக்கும்போதே, பிரவுசரிலிருந்து அவருடைய மின்னஞ்சலை வெளியேற்றச் சொல்லுங்கள்; வாட்ஸ்அப் இணைப்பை அவர் போனிலிருந்தே துண்டிக்கச் சொல்லுங்கள். கடைக்கு வேண்டிய ஃபைல்களைப் பொது ஃபோல்டருக்குக் காப்பி செய்யுங்கள். அவர் சைன் அவுட் செய்ததை டாஸ்க் மேனேஜரின் 'யூசர்ஸ்' பக்கத்தில் உறுதி செய்துகொண்டு, 'அதர் யூசர்ஸ்' பக்கத்தில் அவர் பெயருக்குக் கீழே 'ரிமூவ்' அழுத்துங்கள். விண்டோஸ் அவருடைய டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ், டவுன்லோட்ஸ் எல்லாவற்றையும் கணக்கோடு சேர்த்து அழித்துவிடும். உபுண்டு மட்டும் ஃபைல்களை வைத்துக்கொள்ளவா, அழிக்கவா என்று கேட்கும். விண்டோஸில் டி டிரைவில் அவர் பெயரில் போட்ட ஃபோல்டர் தானாகப் போகாது. அதை நிர்வாகி கணக்கிலிருந்து திறந்து பார்த்துக் கையால் நீக்க வேண்டும்.